ஷேவிங் கிண்ணத்தில் ஆந்தை

எங்கள் அப்பா இருபது வருஷத்துக்கு மேல் ஷேவிங் சோப்பைக் குழைத்தது ஒரு கடல் பிராணியின் ஓட்டில். உள்ளங்கை நிறைய இருக்கும். கவிழ்த்து வைத்தால் சின்னக் குன்று மாதிரி, மேலெல்லாம் சொரசொரப்பு, அழுக்குப் பழுப்பு நிறம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மல்லாத்தி வைத்தால்தான் அழகு. உள்பக்கம் கண்ணாடி போல வழவழப்பு. ஓரத்தைச் சுற்றிக் கருப்பட்டி நிறத்தில் ஒரு பட்டை. நடுவில் நீலம் கலந்த வெள்ளையில் ஒரு திட்டு, அந்தத் திட்டுக்குள் பழுப்பாக ஒரு உருவம். அப்பா அதை ஆந்தை என்பார். தலை, ரெண்டு பக்கமும் மடக்கின இறக்கை எல்லாம் இருக்கிறதாம். நான் எட்டாவது படிக்கும் வரை எனக்கு அதில் ஒரு கறை மட்டும்தான் தெரிந்தது. ஒருநாள் நுரையெல்லாம் கழுவி வெயிலில் வைத்திருந்தபோது திடீரென்று ஆந்தை தெரிந்தது. அப்புறம் கறையாகப் பார்க்கவே முடியவில்லை.

அப்பா கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர். பூமிக்கடியில் கூரை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால், அங்கே மிஞ்சியிருந்த வெள்ளைக்கார ஆபீசர்களில் ஒருவர் பங்களாவைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்பியபோது சாமான் ஏற்றப் போன நாலு பேரில் அப்பாவும் ஒருத்தர். அந்த ஓடு ஆபீசரின் மேஜையில் சிகரெட் சாம்பல் தட்டுகிற கிண்ணமாக இருந்ததாம். ஆபீசரின் மனைவி அதைக் குப்பைக்கூடையில் போடப் போனவள், அப்பா பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு நீட்டியிருக்கிறாள். 'கடல்ல இருந்து வந்ததாம்' என்பதைத் தவிர அப்பாவுக்கு அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது. பூமிக்குள்ளே ரெண்டு மைல் ஆழம் வரை போய் வந்தவர், கடலை மட்டும் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. ஆந்தை உருவம் இருக்கிற சாமானை எவளாவது வீட்டில் வைத்துக்கொள்வாளா என்று கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அதனால் அது வீட்டுக்குள் வந்ததே கிடையாது. கே.ஜி.எஃப். லைன் வீட்டிலும் சரி, தொண்ணூத்திரெண்டில் அப்பா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்த பிறகும் சரி, அதன் இடம் பாத்ரூம் ஜன்னல்தான். ஜீவனஹள்ளியில் ஒரே காம்பவுண்டில் அஞ்சு வீடு, அஞ்சுக்கும் ஒரே பாத்ரூம். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அதைத் தொட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். மற்றபடி அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. அந்தக் கோபமெல்லாம் சேர்த்து எனக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள்.

நான் அப்போது பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். விலங்கியல் முக்கியப் பாடம். பெங்களூரில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடல் பிராணிகள் என்றால் ஃபார்மலின் ஜாடிதான். அதனால் கடைசி வருஷத்தில் எல்லாரையும் உடுப்பிக் கடற்கரையில் மல்பே பக்கம் ஸ்டடி டூர் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொருத்தியும் கரையில் தன் கையால் பத்துப் பிராணிகளைச் சேகரித்து, எங்கே, எப்போது, எதன் மேல் கிடைத்தது என்று லேபிள் ஒட்டி, ப்ராக்டிகல் பரீட்சையன்று மேஜையில் அடுக்க வேண்டும். வெளியூர் காலேஜிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் அதைப் பார்த்துக் கேள்வி கேட்டு மார்க் போடுவார். அதற்குப் பத்து மார்க்.

டூருக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். கிளம்புகிற அன்று காலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுரங்கத் தூசி நெஞ்சில் உட்கார்ந்த கேஸ், எங்களுக்குப் புதுசில்லை, ஆனால் அந்தத் தடவை உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா கார்மென்ட்ஸில் வேலை, லீவு போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். எனவே நான்தான் இருந்தேன். என் வகுப்பு மல்பே கரையில் நண்டு பிடித்த ஐந்து நாளும் நான் வார்டில் ஆவி பிடிக்கிற தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

டூர் முடிந்து வந்த எங்கள் மேடம் நல்ல மாதிரி. நான் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே, போய் வந்தாள் என்று எனக்கும் சேர்த்து சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து சாம்பிளை மட்டும் எப்படியாவது மேஜையில் வைத்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு விவேக் நகரில் ஒரு சிநேகிதி இருந்தாள். சர்ச் கொயரில் பாடுகிறவள், பயந்தாங்கொள்ளி, ஆனால் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். அவள் தனக்கென்று கொண்டுவந்த சரக்கில் உபரியாக இருந்ததை எனக்குப் பிரித்துக் கொடுத்தாள். ஒரு நண்டு, ரெண்டு சோழி, கடல் முள்ளெலியின் வெற்றுக்கூடு, இப்படி. எண்ணிப் பார்த்தால் ஒன்பது.

ஒன்பதோடு நிறுத்தியிருந்தால் ஒரு மார்க் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பத்தும் வேண்டும். ஒரு டயக்னாஸ்டிக் லேபில், டிகிரி கையில் வந்தால் அடுத்த நாளே டெக்னீஷியனாகச் சேர்ந்துகொள் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா பெங்களூர் வந்த பிறகு பார்த்துவந்த வாட்ச்மேன் வேலைக்குத் திரும்பிப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் தையல் மெஷின் ஒன்றில்தான் மூன்று பேரின் வயிறும் ஓடிக்கொண்டிருந்தது. மார்க் குறைந்து பெயிலாகி ஒரு வருஷம் போனால் லேப் வேலை போய்விடும். அதை நினைத்துக்கொண்டே பாடப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு படம் கண்ணில் பட்டது. லிம்பெட். கடலோரப் பாறையில் ஒட்டி வாழும் ஒற்றை ஓட்டு நத்தை. அச்சு அசல் அப்பாவின் ஷேவிங் கிண்ணம். புத்தகப் படத்தில் அளவும் இல்லை, உள்பக்கமும் இல்லை, ஓட்டின் முதுகு மட்டும் கறுப்புக் கோட்டில். எனக்கு அது போதுமாக இருந்தது.

பரீட்சையன்று அப்பா எழுந்திருக்கும் முன்னால் பாத்ரூமுக்குப் போய் அதை எடுத்தேன். பிரஷ்ஷை ஜன்னலில் வைத்தேன். குழாயில் தண்ணீர் வராத நாள். வாளித் தண்ணீரில் ஒரு அலசு அலசி, பாவாடையில் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டேன். பஸ்ஸில் வைத்தே லேபிள் எழுதினேன். புத்தகத்தில் போட்டிருந்த பெயர், மல்பே, பாறையின் மேல், டூர் தேதி. கேட்டிருந்தால் அப்பா கொடுத்திருப்பார். எதற்கு என்று கேட்பார், அதற்கு நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை. ஒரு பொய்யை மிச்சம் பிடித்ததாக எனக்கு நினைப்பு.

எக்ஸ்டர்னல் மெலிந்த மனுஷர். ஏப்ரல் வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர். யாருடைய மேஜையிலும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. இந்த நண்டு, அந்த நட்சத்திர மீன், சரி, சரி என்று நடந்துகொண்டே இருந்தார். என் மேஜைக்கு வந்தார். ஒன்பதையும் கண்ணாலேயே தாண்டினார். பத்தாவதில் நின்றுவிட்டார்.

கையில் எடுத்தார். திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

பாதி இங்கிலீஷ், பாதி கன்னடத்தில் கேட்டார். எங்கே எடுத்தாய் என்றார். மல்பே என்றேன். எதன் மேல் இருந்தது என்றார். பாறை மேல் என்றேன். உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்ததா என்றார். ஆமாம் என்றேன், ஏனென்றால் உயிரோடு என்றால் இன்னும் உசத்தி என்று எனக்கு நினைப்பு. எப்படி எடுத்தாய் என்றார்.

"கையாலதான் சார். ஈஸியா வந்துடுச்சு."

எங்கள் மேடம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது எனக்கு உறைத்தது. பாறையை மிகப் பலமாகப் பற்றியிருக்கும் என்று என் ரெக்கார்டு நோட்டில் நானே எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறேன். படித்தது ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கடலைப் பார்த்திருந்தால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது.

எக்ஸ்டர்னல் குரலை உயர்த்தவில்லை. லேசாகத் தொட்டுவிட்டால்கூட இது பாறையோடு இறுகிக்கொள்ளும், அப்புறம் ஓடு உடையுமே தவிர வராது, அதற்குத் தெரியும் முன்னால் கத்தியை அடியில் விட்டு ஒரே நெம்பில் எடுத்தால்தான் உண்டு என்றார். அது முதல் விஷயம். ரெண்டாவது, இந்த ஜாதி நம் நாட்டுக் கரை எதிலுமே கிடையாது, அமெரிக்காவின் மேற்குக் கரைப் பாறைகளில்தான் இருக்கிறது, லிம்பெட்டில் பெரிய ரகம், மல்பேயில் நீ எடுத்தது நிஜமென்றால் உன்னை இப்படியே பி.எச்டி.க்கு அனுப்பிவிட வேண்டும் என்றார். மூன்றாவதாக, பாறையில் இருந்த பிராணிக்கு ஷேவிங் சோப்பு வாசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மால்பிராக்டிஸ் என்று எழுதினால் ஒரு வருஷம் இல்லை, ரெண்டு வருஷம் பரீட்சைப் பக்கமே வர முடியாது. எங்கள் சீனியர் ஒருத்திக்கு அப்படி ஆகியிருந்தது. இதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. இது எங்கள் அப்பா முகம் மழிக்கிற கிண்ணம், அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் நான் டூருக்குப் போகவில்லை, கடலையே பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் சர்டிபிகேட்டை எடுத்து மேடத்தின் கையெழுத்தைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மடித்து வைத்தார். பேனாவால் மற்ற ஒன்பதையும் காட்டி, அப்படியானால் இவற்றைக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

சிநேகிதி ரெண்டு மேஜை தள்ளித் தன் தட்டோடு நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் கண்ணும் கூடவே போகும். கொடுத்தவளுக்கும் அதே தண்டனை என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அவர் மறுபடி கேட்டார். பெயரைச் சொன்னால் உன் விஷயத்தை லேசாக முடித்துவிடலாம் என்றார். எனக்கு வாய் நீளம், எந்த வகுப்பிலும் என்னைச் சும்மா இரு என்று சொல்லாத வாத்தியார் கிடையாது. அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை. பெரிய தியாகமெல்லாம் இல்லை, பயத்தில் தாடை இறுகிப்போய்விட்டது. மூன்றாவது தடவை கேட்டார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையின் மறுகோடிக்கு நகர்த்தினார். ஷேவிங் கிண்ணம் மட்டும் நடுவில் இருந்தது. அதை மல்லாத்தி, உள்ளே இருக்கும் இந்தத் திட்டு என்ன என்று பாடக் கேள்வி மாதிரி கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. புத்தகத்தில் உள்பக்கம் இல்லையே.

"தெரியல சார். எங்கப்பா அத ஆந்தைன்னு சொல்லுவாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உங்கள் அப்பாவுக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, பார்த்தால் ஆந்தை மாதிரி இருக்கிறது, அதனால் என்றேன். அப்பா என்ன வேலை என்றார். கே.ஜி.எஃப். மைன்ஸ் என்றேன். எதுவரை படித்திருக்கிறார் என்றார். அஞ்சாவது என்றேன்.

"இதன் பேரே ஆந்தை லிம்பெட்தான். புத்தகத்தைப் பார்த்து நீ எழுதின பேர் தப்பு. உங்கப்பா சொன்னது ரைட்டு."

பிராணியின் தசை ஓட்டைப் பிடித்துக்கொண்டிருந்த தழும்புதான் அந்தத் திட்டு என்பதையும் போகிற போக்கில் சொன்னார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாள் லேபிளைத் தள்ளி, உண்மையில் எங்கே கிடைத்ததோ அதை எழுது என்றார். எழுதினேன். நின்றபடியே எழுதியதில் எழுத்தெல்லாம் கோணல். ஆந்தை லிம்பெட். இயற்கையான இடம் தெரியாது. கிடைத்த இடம்: குளியலறை, ஜீவனஹள்ளி, பெங்களூர். சேகரித்தவர் என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதப் போனேன். அவர் பேனாவால் தாளைத் தட்டினார். அப்பாவின் பெயரை எழுதினேன்.

மார்க் தாளில், பத்துக்கு ஒன்று என்று போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். மால்பிராக்டிஸ் என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எழுதினால் எங்கள் மேடத்தின் வேலைக்கும் சேர்த்து வேட்டு வைக்க வேண்டியிருக்கும், அந்தத் தலைவலி அவருக்கு வேண்டாமாக இருந்திருக்கலாம்.

மத்தியானம் கரப்பான்பூச்சியின் நரம்பு மண்டலத்தை அறுத்துக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை எனக்கு. அன்றைக்குக் கவனம் வேறெங்கோ இருந்ததில் நரம்பை நடுவிலேயே அறுத்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே வந்ததும் சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டு ரோடென்றும் பார்க்காமல் அழுதாள். பிறகு மசால்பூரி வாங்கிக் கொடுத்தாள். ரெண்டு பிளேட் சாப்பிட்டேன். பசி, என்ன செய்வது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சமர்ப்பித்த சாம்பிள்களைக் காலேஜ் திருப்பித் தராது. அவை மியூசியத்துக்குச் சொந்தம்.

வீட்டில் அன்று காலையிலேயே ரகளை ஆரம்பமாகிவிட்டிருந்தது. கிண்ணத்தைக் காணோம் என்றதும் அப்பாவுக்கு ஒரே ஒரு ஆள் மேல்தான் சந்தேகம். இருபது வருஷமாக அதைத் தூக்கி எறிகிறேன் தூக்கி எறிகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது அம்மாதானே. அம்மா சாமி படத்தின் மேல் சத்தியம் பண்ணினாள். அப்பா நம்பவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சொன்னால் பரீட்சையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், பாஸா பெயிலா என்பது எனக்கே தெரியாது. ஒரு சின்னம்மைத் தழும்பைக்கூட மறைக்க இடமில்லாத எங்கள் ஒற்றை அறையில் ரெண்டு மாசம் இதை மறைத்தேன். அப்பா எவர்சில்வர் டப்பா மூடியில் சோப்பைக் குழைத்தார். மூடி வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் பாத்ரூமிலிருந்து அம்மாவுக்கு ஒரு பாட்டு விழும். கோபமே வராத மனுஷருக்கு வந்த கோபம் பொல்லாதது. அம்மாவும் லேசில் விடுகிறவள் இல்லை, ரெண்டு வாரம் அவருக்குக் குழம்பில் உப்பு போடாமலே வைத்தாள்.

ரிசல்ட் வந்தது. தியரியில் நல்ல மார்க். ப்ராக்டிகலில் சரியாக பாஸ் மார்க், ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. அந்தப் பத்துக்கு ஒன்று மட்டும் விழாமலிருந்தால் நான் பெயில். போர்டின் முன்னால் நின்று விரல் விட்டு மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் அம்மா, அப்பா ரெண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, ஒன்பது சாம்பிள், பஸ்ஸில் எழுதின லேபிள், ஈஸியாக வந்துவிட்டது என்று சொன்னது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும் வரை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசமா இவரு கையில நான் வாங்கிக் கட்டிக்கினு கீறேன். உன் வாயில இன்னா கொழுக்கட்டையா?"

நியாயமான கேள்வி. முதுகில் ஒன்று வைத்தாள், அதையும் வாங்கிக்கொண்டேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. சொல்லாமல் எடுத்தது ஒரு பக்கம், அது இனி திரும்பி வராது என்பது ஒரு பக்கம். அவர் ரொம்ப நேரம் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார். என்னால்தானே நீ டூருக்குப் போகவில்லை என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். அது உண்மை இல்லை என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஆளு நெசமாவே ஆந்தைன்னு சொன்னாரா?"

சொன்னார் என்றேன். இங்கிலீஷில் அதன் பெயரே அதுதான் என்றேன். அப்பா அம்மா பக்கம் திரும்பினார். வீட்டுக்கு ஆகாதுன்னியே, ஆந்தைதான் உன் பொண்ண பாஸ் பண்ணி விட்டிருக்குது என்றார். ரெண்டு மாசத்தில் அன்றுதான் சிரித்தார். சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. திட்டிக்கொண்டே நெஞ்சைத் தடவிவிட்டது அம்மாதான்.

நான் லேபில் சேர்ந்தேன். ரத்தம், மூத்திரம், கண்ணாடித் தகடு. அதில் எங்கள் வீடு ஓடியது. அப்பாவுக்கு ஒரு நல்ல பீங்கான் கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு டப்பா மூடியிலேயே குழைத்துக்கொண்டிருந்தார்.

ரெண்டாயிரத்தில்தான் கடலைப் பார்த்தேன். சிநேகிதியின் கல்யாணம் உடுப்பியில், மறுநாள் காலை நாங்கள் ரெண்டு பேரும் மல்பே போனோம். பாறையில் லிம்பெட் நிறைய இருந்தது, நாலணாக் காசு அளவுக்கு. ஒன்றைப் பார்த்து விரலால் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ரெண்டு கையாலும் இழுத்தேன். நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். புதுப்பெண் பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றபடி, ஈஸியாக வந்துவிட்டதா, ஈஸியாக வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். விரலைச் சூப்பிக்கொண்டே அந்தப் பாறை மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த எக்ஸ்டர்னல் அன்றைக்கு எப்படிச் சிரிக்காமல் இருந்தார் என்று ஆச்சரியமாக இருந்தது.

அதற்கு மூன்று வருஷம் கழித்துக் காலேஜில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். மியூசியத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று மேடம் போன் பண்ணிச் சொன்னார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதெல்லாம் அவரால் பத்தடி நடந்தால் நிற்காமல் முடியாது. இருந்தாலும் அந்தக் காலையில் ஒழுங்காக ஷேவ் பண்ணிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ஆட்டோவுக்கு எனக்கு முன்னால் தயாராக இருந்தார். மியூசியம் முதல் மாடி. படிக்கட்டில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

கண்ணாடி அலமாரியில் மூன்றாவது தட்டு. இருந்தது. மல்லாத்தித்தான் வைத்திருந்தார்கள். பக்கத்தில் அந்த லேபிள், என் கோணல் எழுத்து, மஞ்சளாகிப்போன தாள். மாற்றி எழுதச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அப்பா கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்தார். ஜீவனஹள்ளி வரை வந்துவிட்டு மூச்சு வாங்கினார். அடுத்த வரியில் தன் பெயர் வந்ததும் நின்றுவிட்டார். சுரங்கத்தில் அவர் ஒரு பித்தளை டோக்கன் நம்பர். இருபத்தைந்து வருஷம் அந்த நம்பரைச் சொல்லித்தான் கீழே இறங்கினார், மேலே ஏறினார். பெயரை மறுபடி முதலிலிருந்து கூட்டிப் படித்தார். கொஞ்சம் சத்தமாக.

அவருக்குச் சொல்லாமல் எடுத்ததற்கு அதுவரை நான் அவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதில்லை. அப்பா, நான் அன்னிக்கு உன்னைக் கேட்டிருக்கணும் என்றேன். கண்ணாடிக்குள் அந்த ஆந்தையையே பார்த்துக்கொண்டிருந்தவர், விரலால் அலமாரியைத் தட்டி உள்ளே ஒரு ஓரத்தைக் காட்டினார். நான் வாளித் தண்ணீரில் அரைகுறையாக அலசினது. கருப்பட்டி நிறப் பட்டையின் மடிப்பில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஓரத்துல இன்னும் சோப்பு கீது பாரு. தொறந்து தொடைக்கச் சொல்லு. நம்ம பேரு எழுதியிருக்குதில்ல."